அதிர்வு மேடையில் நிற்கும்போது தசை எவ்வளவு வேலை செய்கிறது? இஎம்ஜி எடுக்கும் முறை

மோட்டாரால் குலுங்கும் அதிர்வு மேடையில் ஆளை நிறுத்தி இஎம்ஜி (தசையின் மின்துடிப்பைப் பதிகிற சோதனை) எடுத்தால் திரையில் அலை எக்கச்சக்கமாகத் துள்ளும். அத்தனையும் தசையின் வேலை என்று எழுதிவிடாதீர்கள், அதில் ஒரு பங்கு வயரும் தோலும் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். பாளையங்கோட்டையில் நாங்கள் எடுத்த முதல் பதிவுகள் இப்படித்தான் வீணாகின.

முதலில் தோல். காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, அதன்மேல் எதுவும் ஒட்டாது. முடியை மழித்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். நம்மூர் சித்திரை வெயிலில் வியர்வையே எலக்ட்ரோடை, அதாவது மின்துடிப்பைப் பிடிக்கத் தோலில் ஒட்டும் பட்டையை, கழற்றிவிடும், அதனால் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

தொடையின் வெளிப்பக்கத் தசைக்கு, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்கால் சில்லின் வெளி ஓரம் வரை ஒரு கோடு போட்டு, மூன்றில் இரண்டு பங்கு தூரம் இறங்கி, தசை இழை ஓடும் திசையில் 20 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு எலக்ட்ரோடு. வயர் தொங்கவே கூடாது, காலோடு சேர்த்து டேப் போடுங்கள்.

மேடையைப் போடுவதற்கு முன் முழு பலத்தோடு 5 விநாடி தசையை இறுக்கச் சொல்லி, நடுவில் ஓய்வு கொடுத்து 3 முறை பதியுங்கள். மற்ற எல்லா அளவும் இதன் சதவீதம்தான். அப்புறம் மோட்டாரைப் போடாமல், அதிர்வின்போது நிற்கப்போகும் அதே நிலையில் மேடையில் ஒரு பதிவு. முழங்கால் மடக்கும் கோணம் மாறினால் கணக்கே மாறிவிடும். தென்காசி பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவர் முழங்காலை லேசாக மடக்கிக் குலுக்கலைத் தாங்குவாரே, அதேதான் இங்கேயும் நடக்கிறது.

மேடையை 30 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 30 அதிர்வில், வையுங்கள். 50 வேண்டாம், நம் வீட்டுக் கரண்டும் 50 என்பதால் எது எதுவென்று பிரிக்க முடியாது. 25 வைத்தாலும் அதன் இரட்டிப்பு அங்கேயே போய் விழும். விநாடிக்கு 2000 மாதிரிகள் எடுத்து, 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை வைத்துக்கொண்டு, எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு வலு என்று காட்டும் அலைவரிசைப் படத்தைப் பாருங்கள்: 30, 60, 90 என்று ஊசி ஊசியாக நிற்கும். அதில் தசையின் அனிச்சைச் செயலும் கொஞ்சம் இருக்கலாம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் அந்த ஊசிகளை வெட்டியது, வெட்டாதது இரண்டையும் தாருங்கள். ஆனால் அதே வெட்டை மோட்டார் அணைத்த பதிவிலும், முழு பலப் பதிவிலும் போட்டே ஆக வேண்டும். தசையே இல்லாத முழங்கால் சில்லின் மேல் கூடுதலாக ஒரு ஜோடி எலக்ட்ரோடு ஒட்டிப் பாருங்கள், அங்கே வருவதில் பெரும்பகுதி வெறும் ஆட்டம்.

கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தவர்கள், அண்மையில் ஆபரேஷன் ஆனவர்கள் யாரையும் மேடையில் ஏற்றாதீர்கள். ஏறுகிறவர் செருப்போடு நின்றாரா, வெறுங்காலா என்பதையும் மறக்காமல் குறித்து வையுங்கள்.