வாய்தாவுக்கும் வாய்தாவுக்கும் நடுவில்

மாடியில் குடியிருந்தவரைக் காலி செய்ய வைக்க எனக்கு 14 மாதம் ஆனது. கோர்ட்டில் பேசிய நேரத்தைக் கூட்டினால் ஒரு நாள்கூடத் தேறாது. மிச்சமெல்லாம் வாய்தா. அந்த நாட்களை எப்படிக் கடத்துவது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் செய்யக்கூடாதது. ஏழாவது மாதம் ஒரு ராத்திரி, மேலே டிவி அலற, மீட்டர் பெட்டி முன்னால் நின்று ஃபியூஸில் கை வைத்துவிட்டேன். பிடுங்கவில்லை. மறுநாள் சொன்னபோது வக்கீல் சிரிக்கவே இல்லை. "பிடுங்கியிருந்தா, இன்னைக்கு நீங்கதான் சார் பதில் சொல்லணும்" என்றார். கரண்ட், தண்ணீர், பூட்டு மூன்றையும் தொடாதீர்கள். உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் வழக்கு அப்படியே உங்கள் மேல் திரும்பிவிடும்.

காலி செய்யச் சொல்லும் நோட்டீஸை அனுப்புமுன் வாடகை ஒப்பந்தத்தோடு வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். என்னுடையதில் இனிஷியல் தப்பு. திரும்ப அனுப்பியதில் இரண்டு மாதம் போனது.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், நடந்தது, அவ்வளவுதான். "3ஆம் தேதி, மாலை 6.10. பாக்கி கேட்டேன். அடுத்த வாரம் என்றார்." 'திமிராகப் பேசினார்' என்று நான் எழுதிய வரிகளையெல்லாம் பார்த்துவிட்டு வக்கீல் உதட்டைப் பிதுக்கினார். போனில் பேசினால், பேசியதையே உடனே மெசேஜாகவும் அனுப்பிவிடுங்கள்.

நடுவில் பாதி வாடகையை நீட்டுவார்கள். கை பரபரக்கும். வக்கீலைக் கேட்காமல் வாங்காதீர்கள். நோட்டீஸுக்குப் பிறகு வாங்கிய பணத்தைக் காட்டி, 'தொடர்ந்து இருக்கச் சம்மதித்துவிட்டார்' என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். வாங்கியே ஆகவேண்டுமென்றால் அது எந்த மாதத்துக்கு, வழக்கை விட்டுக்கொடுக்கவில்லை என்ற இரண்டையும் ரசீதில் எழுதுங்கள்.

வீட்டுக்கடன் இருந்தால் தவணை தவறுவதற்கு முன்பே வங்கியில் பேசுங்கள். வாடகை வராது என்றே கணக்குப் போடுங்கள்.

கடைசியில் எனக்கு வேலை செய்தது சமரசம்தான். பாக்கியில் ஒரு பங்கைத் தள்ளினேன்; அவர் காலி செய்யும் தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதையும் கோர்ட்டில் பதிவு செய்தோம். வெறும் வாய்ப்பேச்சை நம்பியிருந்தால் இன்னும் ஒரு சுற்று அலைந்திருப்பேன். கசப்பாகத்தான் இருந்தது. சில நாள் தூக்கமே இல்லை.

சாவி வாங்கும்போது ஒவ்வொரு அறையையும் படம் எடுங்கள், மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒப்படைத்ததாக எழுதி வாங்குங்கள். என் மூன்று சாவிகளில் இரண்டுதான் திரும்பி வந்தன. அன்று சாயங்காலமே பூட்டை மாற்றினேன்.