இளையோர் டிரையத்லான்: பிரிவைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றிலும் நன்றாக வருகிறது என்று தெரிந்துவிட்டால், "அடுத்து எந்தப் போட்டி?" என்ற பேச்சு வீட்டில் ஆரம்பித்துவிடும். "இதைவிடத் தூரம் அதிகமானது" என்றே பெரும்பாலும் முடிவாகும். முதல் தவறு அதுதான். இளையோர் டிரையத்லானில் ஒரு நிலையையும் அடுத்த நிலையையும் முக்கியமாகப் பிரிப்பது தூரம் அல்ல, விதி. குறிப்பாக, சைக்கிளில் காற்றின் தடையைக் குறைக்க இன்னொருவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகலாமா கூடாதா என்ற டிராஃப்டிங் விதி.

உலகக் கூட்டமைப்பான வேர்ல்ட் டிரையத்லானின் ஜூனியர் பிரிவு 16 முதல் 19 வயது வரை. உலக ஜூனியர் பட்டத்துக்கான போட்டியே 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம் கொண்ட ஸ்பிரிண்ட் தூரம்தான். 2010இல் சிங்கப்பூரில் நடந்த முதல் இளையோர் ஒலிம்பிக்கிலும் இதே தூரம். அமெரிக்காவில் 13–15 வயதுக்கான யூத் எலைட் (உயர்மட்டப் போட்டியாளர்) பிரிவில் இதில் சரிபாதி. வார இறுதியில் பொழுதுபோக்குக்காகப் பெரியவர்கள் முடிக்கும் தூரத்தில்தான் உலகின் மிகச் சிறந்த பதின்வயதினர் மோதுகிறார்கள். 15 வயதுப் பிள்ளையை 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டத்துக்குத் தயார்படுத்துவதை முன்னேற்றம் என்று நினைக்காதீர்கள். அந்த வயதில் வளர வேண்டியது வேகமும் நுட்பமும்.

வயதுக் கணக்கிலும் பலர் சறுக்குகிறார்கள். போட்டி நாளன்று என்ன வயது என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று எத்தனை வயது என்பதே கணக்கு. நவம்பரில் 16 முடியப்போகும் பிள்ளை, பிப்ரவரிப் போட்டியிலேயே 16 வயதுக்காரர்தான்.

இனி, எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. எலைட் அல்லாதவர்கள் தங்கள் வயதினரோடு மோதும் வயதுப் பிரிவுப் போட்டிகளில் பெரும்பாலும் டிராஃப்டிங் கூடாது. இடைவெளி விட்டுத் தனியாக ஓட்ட வேண்டும். அங்கே இரண்டு மூன்று பதக்கம் வாங்கியதும், "உடம்பு தயார், எலைட் பிரிவில் போடலாம்" என்று பெயர் கொடுத்துவிடுகிறார்கள். உடம்பு தயாராக இருக்கலாம், கை தயாரா? ஜூனியர், யூத் எலைட் போட்டிகளில் பத்து இருபது பேர் ஒரே கூட்டமாகப் பாய்வார்கள். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் நம் முன்சக்கரத்துக்கும் இடையே ஒரு சக்கர அளவு இடம்கூட இருக்காது. லேசாக உரசினாலே பின்னால் வருபவர் விழுவார். அவர்மேல் அவருக்குப் பின்னால் வருபவர்களும் விழுவார்கள். சேர்த்துவிடுமுன் சிலவற்றைக் கண்ணால் பாருங்கள். தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும்போது சைக்கிள் நேர்க்கோட்டில் போகிறதா? பக்கத்தில் ஒருவர் தோளோடு தோள் வரும்போது வளைவில் தன் கோட்டை விடாமல் திரும்புகிறாரா? திடீரென்று பிரேக்கைப் பிடிக்காமல் வேகத்தைக் குறைக்கத் தெரிகிறதா? இவற்றில் ஒன்று குறைந்தாலும், ஓட்டம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். குழுவாக ஓட்டும் சைக்கிள் கிளப்பில் ஒரு பருவம் பழகுவது வீண் போகாது.

நீச்சலின் மதிப்பும் இங்கே மாறிவிடும். தனியாக ஓட்டும் போட்டியில் தண்ணீரில் இழந்த அரை நிமிடத்தைச் சைக்கிளில் பிடித்துவிடலாம். குழுவாக ஓட்டும் போட்டியில் அந்த அரை நிமிடத்தில் முதல் கூட்டம் போய்விட்டிருக்கும். தனியாளாகக் காற்றைக் கிழித்துக்கொண்டு அவர்களைப் பிடிப்பது நடக்காத காரியம். முதல் கூட்டம் ஒரு முழுச் சுற்று முந்திவிட்டால் போட்டியிலிருந்தே வெளியேற்றும் விதியும் பல இடங்களில் உண்டு. ஆகவே, எலைட் பிரிவைக் குறிவைக்கும் பிள்ளைக்கு மூன்றில் முதலில் சரிசெய்ய வேண்டியது நீச்சல்.

இதெல்லாம் தெரியாமல், தனியாக ஓட்டும் போட்டிக்கான விலை உயர்ந்த டைம் ட்ரையல் சைக்கிள் வாங்கிவிடுவது அடுத்த தவறு. கைமுட்டியை ஊன்றிக் குனிந்து ஓட்டும் ஏரோ பார் ஜூனியர் டிராஃப்டிங் போட்டிகளில் அனுமதி இல்லை. வளைந்த ஹேண்டில்பார் கொண்ட சாதாரண ரோடு சைக்கிள், உயரத்துக்குச் சரியான அளவில் இருந்தால் போதும்.

13 வயது முடிவுகளை வைத்து எதிர்காலத்தைக் கணிப்பதும் வேண்டாம். சீக்கிரம் வளர்ந்த பிள்ளை அந்த வயதில் ஜெயிப்பது இயல்பு. பிரிட்டன் வீரர் அலிஸ்டேர் பிரவுன்லீ 2006இல் உலக ஜூனியர் பட்டம், 2008இல் 23 வயதுக்குட்பட்டோர் பட்டம், 2009இல் சீனியர் உலகப் பட்டம் என்று படிப்படியாக வந்தவர். 2012, 2016 ஒலிம்பிக் தங்கங்கள் அதற்குப் பிறகு. அவ்வளவு திறமைசாலிக்கும் ஜூனியரிலிருந்து சீனியர் பட்டத்துக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

சின்ன விதிகளையும் போட்டிக்கு முந்தைய இரவுக்குத் தள்ளாதீர்கள். ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்குமுன் ஹெல்மெட்டின் கொக்கி மாட்டியிருக்க வேண்டும். ஏறும் கோட்டைத் தாண்டிய பிறகே ஏற வேண்டும். குளிரைத் தாங்கவும் மிதக்கவும் உதவும் ரப்பர் நீச்சலுடையான வெட்சூட் பற்றிய விதியும் பிரிவுக்குப் பிரிவு மாறும். வேர்ல்ட் டிரையத்லான் விதிப்படி, இந்தத் தூரங்களில் வயதுப் பிரிவினருக்குத் தண்ணீர் 22 டிகிரி செல்சியஸை எட்டினால் வெட்சூட் கிடையாது. எலைட், ஜூனியருக்கு 20 டிகிரியிலேயே தடை. வெட்சூட்டின் மிதப்பை நம்பியே பழகிய பிள்ளைக்கு, பிரிவு மாறிய முதல் போட்டியில் 750 மீட்டரே நீளமாகிவிடும். வெட்சூட் இல்லாமலும் அந்தத் தூரத்தைத் திறந்த நீரில் பலமுறை நீந்தவிட்ட பிறகு பெயர் கொடுங்கள்.