கடலில் காற்றாலைப் பண்ணை: மன்னார் வளைகுடாவை முன்வைத்து ஒரு திட்டமிடல் வழிகாட்டி

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை நிறுவிப் பழகியவர்களுக்கு வேலையின் வரிசை தெளிவானது: நிலத்தை வாங்க வேண்டும், இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அருகிலுள்ள துணைமின் நிலையத்துடன் இணைக்க வேண்டும். கடலில் இந்த வரிசை உதவாது. அங்கே முதல் ஆய்விலிருந்து முதல் மின்சாரம் கரைக்கு வரும் வரை 7 முதல் 10 ஆண்டுகள் ஆவது வழக்கம். அதில் கட்டுமானத்துக்குச் செல்வது இரண்டு மூன்று ஆண்டுகளே. ஆகவே இவ்வழிகாட்டி அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

முதல் வேலை, எங்கே அமைக்கக் கூடாது என்பதைத் தீர்மானிப்பது. குமரி முனைக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட கடல் வரைபடத்தில் வெறும் நீலமாகத் தெரிந்தாலும், உண்மையில் அது பலரும் புழங்கும் இடம். 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவும் அதன் 21 தீவுகளும், 1989-இல் அமைந்த உயிர்க்கோளக் காப்பகமும், 1976-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி வகுக்கப்பட்ட இலங்கையுடனான கடல் எல்லையும், தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் வழியும் அங்கே உள்ளன. குலசேகரன்பட்டினத்தில் அமையும் ஏவுதளத்திலிருந்து ராக்கெட்டுகள் தெற்கு நோக்கிச் செல்லும் என்பதால் விண்வெளித் துறையின் இசைவும் தேவைப்படும். பாதுகாப்பு, உள்துறை, வெளியுறவு, கப்பல் போக்குவரத்து, சுற்றுச்சூழல், பெட்ரோலியம் ஆகிய அமைச்சகங்களின் விலக்குப் பகுதிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைபடத்தில் அடுக்கிய பிறகு எஞ்சும் இடமே திட்டத்துக்குரியது. தமிழகக் கடலில் ஏற்கெனவே 8 மண்டலங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. ஆனால் ஒரு மண்டலத்தின் எல்லைக்குள் இருப்பதாலேயே ஓர் இடம் தகுதி பெற்றுவிடாது.

அடுத்தது காற்றின் அளவீடு. காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் கனத்தை (வேகம் × வேகம் × வேகம்) பொறுத்தது என்பதால், விநாடிக்கு 8 மீட்டர் என்பது 9 மீட்டராக மாறினால் காற்றிலுள்ள ஆற்றல் சுமார் 42 விழுக்காடு கூடுகிறது. இயந்திரம் அதன் முழுத்திறனை எட்டியபின் மிஞ்சும் காற்றைப் பயன்படுத்தாது என்பதால் உற்பத்தி அதே அளவுக்குக் கூடாது. எனினும் வேகத்தைக் கணிப்பதில் நேரும் அரை மீட்டர் பிழைகூட ஒரு திட்டத்தைக் கவிழ்க்கப் போதுமானது. மிதவையிலோ மேடையிலோ பொருத்திய, லேசர் ஒளியால் காற்றின் வேகத்தை அளக்கும் லிடார் கருவியால் குறைந்தது ஓராண்டு, இயன்றால் இரண்டாண்டு அளந்து, அந்த அளவீட்டை வானிலை மாதிரிகள் தரும் 20, 30 ஆண்டுத் தரவுகளுடன் ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களை மட்டும் அளந்து ஆண்டு முழுவதற்கும் கணக்கிடுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். கடன் தரும் வங்கி சராசரி உற்பத்தியோடு நிற்காது. எட்டுவதற்கு 90 விழுக்காடு வாய்ப்புள்ள உற்பத்தி எவ்வளவு என்றும் கேட்கும்.

கடலடி ஆய்வில் சிக்கனம் பார்ப்பதைப் போன்ற தவறு வேறில்லை என்பது என் கருத்து. பலகற்றை எதிரொலிமானியால் ஆழத்தையும், பக்கவாட்டு சோனாரால் தரையின் தோற்றத்தையும், ஒலியலைக் கருவிகளால் அடியிலுள்ள அடுக்குகளையும் முதலில் வரைய வேண்டும். பிறகு கூம்புமுனை ஊடுருவல் சோதனையாலும் துளையிட்டு எடுத்த மண் மாதிரிகளாலும் அவ்வடுக்குகளின் வலிமையை அறிய வேண்டும். பவளமும் சிப்பியும் மிகுந்த வெப்பக் கடல்களில் இது இன்னும் முக்கியம். சுண்ணாம்பு மணலின் துகள்கள் அழுத்தத்தில் நொறுங்குவதால், அடித்து இறக்கும் தூணை அவை இறுகப் பிடிப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கடலில் 1980-களின் தொடக்கத்தில் நார்த் ராங்கின் எரிவாயு மேடைக்கான தூண்கள் எதிர்பார்த்த தடையின்றிக் கீழே இறங்கிவிட, பின்னர் பெருஞ்செலவில் அடித்தளத்தைச் சீரமைக்க நேர்ந்தது. ஆழம் 50 மீட்டர் வரையான இடங்களில் ஒற்றைக் குழாய்த் தூணும், அதை ஒட்டிய ஆழங்களிலும் கடினத் தரையிலும் ஜாக்கெட் எனப்படும் பின்னல் சட்டமும், 60 மீட்டருக்கு மேல் மிதக்கும் அமைப்பும் பொதுவாகக் கருதப்படுகின்றன. ஆனால் இறுதி முடிவைச் சொல்ல வேண்டியது மண்தான். நெதர்லாந்து அரசு தன் போர்செலே கடற்பகுதியில் இவ்வாய்வுகளைத் தானே செய்து, ஏலத்துக்கு முன்பே எல்லாப் போட்டியாளருக்கும் வெளியிட்டது. தெரியாததற்காக விலையைக் கூட்டி வைக்கும் தேவை குறைந்ததும் 2016-இல் அங்கே விலைகள் வீழ்ந்ததற்கு ஒரு காரணம்.

கடலடியைப் பற்றிக் கருவிகளுக்கு முன்பே அறிந்தவர்கள் மீனவர்கள். எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) எந்தப் பருவத்தில் என்ன மீன் கிடைக்கும், எங்கே வலை கிழியும், கச்சான் காற்றில் நீரோட்டம் எப்படித் திரும்பும் என்பதை நாட்டுப்படகு ஓட்டுபவர்களும் சங்கு குளிப்பவர்களும் சொல்வார்கள். இடத்தை முடிவு செய்தபின் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவது சடங்கு. இடத்தைத் தேடும்போதே அவர்களை அழைக்க வேண்டும். முதலில் தெளிவாக்க வேண்டியது, தூண்களுக்கு இடையே மீன்பிடிக்கலாமா என்பது. பிரித்தானியக் கடலில் அது பொதுவாக அனுமதிக்கப்படுகிறது. பெல்ஜியத்தில் பண்ணைக்குள் படகு நுழையவே தடை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை நடைமுறையில் இருப்பதால், கடல் ஓரளவு அமைதியாக இருக்கும் அக்காலத்தின் முதற்பாதியில் தூண் இறக்கலாமே என்ற எண்ணம் எழும். ஆனால் அத்தடை மீன்களின் இனப்பெருக்கத்துக்காகவே விதிக்கப்படுகிறது. தூணடிக்கும் ஓசை நீருக்கடியில் நெடுந்தொலைவு செல்லும். ஜெர்மனி தூணிலிருந்து 750 மீட்டர் தொலைவில் ஓசை 160 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்ததால்தான் அங்கே காற்றுக்குமிழித் திரை அமைக்கும் வழக்கம் பரவியது. ஆவுளியா எனப்படும் கடற்பசு மேயும் கடலுக்கருகில் இதைவிடத் தளர்ந்த வரம்பைக் கேட்பது நியாயமாகாது.

மின்கடத்தல் பற்றிய திட்டம் காற்றளவீட்டோடு கூடவே நடக்க வேண்டும். தூண்களுக்கிடையே 66 கிலோவோல்ட் கேபிள்களும், கடல்மேல் துணைநிலையத்திலிருந்து கரைக்கு 220 கிலோவோல்ட் கேபிளும் வழக்கமானவை. தொலைவு 80, 100 கிலோமீட்டரைத் தாண்டினால் நேர்மின்னோட்டம் சிக்கனமாகலாம். கடற்காற்றாலைகளின் காப்பீட்டுக் கோரிக்கைகளில் பெரும்பங்கு கேபிள் சேதத்தால் வருவது என்பதால், ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தில் புதைப்பதற்கான பாதையைத் தனியாக ஆய்வு செய்ய வேண்டும். தமிழகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: முப்பந்தல், கயத்தாறு காற்றாலைகள் உச்சத்தில் ஓடும் அதே மாதங்களில்தான் கடலிலும் காற்று வலுக்கும். இணைப்பு நிலையத்தின் கொள்ளளவை ஆண்டுச் சராசரியை வைத்துக் கணித்தால், நல்ல காற்றடிக்கும் நாளில் இயந்திரங்களை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும்.

இயந்திரத் தேர்வு இத்தனைக்கும் பிறகே வரும். இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போல் 6 முதல் 10 மடங்கு இடைவெளி விட்டு, முன்னிற்கும் ஆலை பின்னிற்பதன் காற்றைக் குலைக்காதவாறு அடுக்க வேண்டும். இறக்கைகளையும் தூண்களையும் இறக்கி வைக்கத் துறைமுகத் தளம் எவ்வளவு எடை தாங்கும் என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

உரிமத்துக்கு மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டுக் கடற்காற்றாலைக் கொள்கையும் 2023-ஆம் ஆண்டுக் கடற்பகுதிக் குத்தகை விதிகளும் அடிப்படை. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் நிதியுதவித் திட்டத்தை ஏற்றது. அதில் குஜராத்துக்கும் தமிழகத்துக்கும் தலா 500 மெகாவாட்டும், இரு துறைமுகங்களை மேம்படுத்த 600 கோடியும் அடங்கும். உதவித்தொகை இருந்தாலும் விலைக் கணக்கில் கறாராக இருப்பது நல்லது. 2023 செப்டம்பரில் பிரித்தானிய அரசு ஏலத்தில் மின்விலையின் உச்சவரம்பை மிகத் தாழ்வாக வைத்தபோது கடற்காற்றாலைக்கு ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை.

கட்டுமான அட்டவணையை நாட்காட்டியைப் பார்த்து எழுதாமல் அலையைப் பார்த்து எழுத வேண்டும். பணியாளர் படகிலிருந்து தூணின் ஏணிக்கு மாற, அலையுயரம் சுமார் 1.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும்; இறக்கை தூக்கும்போது காற்றும் அடங்கியிருக்க வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமையும் மணிநேரங்களை மாதவாரியாக எண்ணி, அதற்கேற்பவே கப்பலை வாடகைக்கு எடுக்க வேண்டும். டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் பண்ணையில் 2004-இல் 80 ஆலைகளின் இயந்திரக் கூடுகளையும் பழுதுபார்க்கக் கரைக்குக் கொண்டுவர நேர்ந்தது. கரையில் சில நாள் வேலையாக முடியும் பழுது கடலில் ஒரு பருவத்தையே விழுங்கும் என்பதால், பராமரிப்புச் செலவைத் தொடக்கத்திலேயே தாராளமாகக் கணக்கிட வேண்டும். அகற்றும் செலவும் அதே கணக்கேட்டில் இடம்பெற வேண்டும். உலகின் முதல் கடற்காற்றாலைப் பண்ணையான டென்மார்க்கின் விண்டபி 1991-இல் 450 கிலோவாட் திறனுள்ள 11 ஆலைகளுடன் தொடங்கி, 2017-இல் கழற்றி எடுக்கப்பட்டது. ஆகவே அகற்றுவதற்கான வைப்புத்தொகையை, வருமானம் குறைந்துபோகும் கடைசி ஆண்டுகளுக்குத் தள்ளிவிடாமல், முதல் கடன் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.