புள்ளி வைத்தும் பட்டியல் வரவில்லை என்றால்: கோட் கம்ப்ளீஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு முன்னறையில் மாலை வேளையில் பைத்தானும் சி-யும் சொல்லிக்கொடுக்கிறேன். காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் பக்கத்திலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். பாடத்தில் வரும் சந்தேகங்களைவிட அதிகமாக நான் கேட்பது இந்த ஒரு குரலைத்தான்: "அண்ணா, டாட் வெச்சா ஒண்ணுமே வரலண்ணா."

கோட் எழுதும்போது டாட் வைத்ததும், அடுத்து என்ன வரலாம் என்று கீழே விரியும் சின்னப் பட்டியலைத்தான் சொல்கிறார்கள். கோட் கம்ப்ளீஷன் என்பது இதுதான். தெரிந்தவருக்கு அது வெறும் வசதி. புதிதாகப் படிக்கிறவருக்கு அது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் ஆள் மாதிரி. அது நின்றுபோனால் பிள்ளைகள் தனக்குத்தான் எதுவோ தெரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் குடியாத்தத்துப் பெண் ஒருத்தி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகத்தை இம்போர்ட் செய்து பிடி என்று பெயர் வைத்திருந்தாள். பிடி என்று அடித்து டாட் வைத்தால், டேட்டாஃப்ரேம் வரவேண்டிய இடத்தில் அவளே போன வாரம் எழுதிய இரண்டு ஃபங்ஷன்களின் பெயர்தான் வந்தது. விஎஸ் கோட் எடிட்டரை மூன்று முறை அழித்துத் திரும்பப் போட்டுவிட்டாள். மூன்று முறையும் அதே கதை.

அழித்துவிட்டுத் திரும்பப் போடுவது

எல்லோரும் முதலில் செய்யும் தவறு இதுதான். நேரத்தை அதிகம் தின்பதும் இதுதான். விஎஸ் கோடை அழித்தாலும் உங்கள் செட்டிங்ஸ் அழியாது. அவை விண்டோஸில் உங்கள் கணக்கின் ஆப்டேட்டா ஃபோல்டரில் தனியாக இருக்கின்றன. எடிட்டரோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதிகளான எக்ஸ்டென்ஷன்களும் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் வேறோர் இடத்தில் இருக்கின்றன. கோளாறு அந்த இரண்டில் ஒன்றில் இருந்தால், புதிதாகப் போட்ட எடிட்டர் அதே கோளாறை எடுத்துக்கொண்டுதான் எழுந்திருக்கும். கோளாறு உங்கள் ப்ராஜெக்ட் ஃபோல்டரில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பட்டியலைத் தருவது எடிட்டர் இல்லை என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக இந்த வசதியைக் கட்டவேண்டியிருந்தது. 2016ல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி மூன்று நிறுவனங்களும் சேர்ந்து லேங்குவேஜ் சர்வர் ப்ரோட்டோகால் என்ற பொது ஒப்பந்தத்தை அறிவித்தன. அதன்படி மொழியை அறிந்த சர்வர் தனி ப்ரோகிராமாக உங்கள் கணினியிலேயே பின்னால் ஓடும். நீங்கள் டாட் வைத்ததும் எடிட்டர் அதனிடம் "இந்த ஃபைல், இத்தனையாவது வரி, இத்தனையாவது எழுத்து, இங்கே என்ன வரலாம்?" என்று கேட்கும். சர்வர் பதில் அனுப்பும். எடிட்டர் அதை வாங்கிக் காட்டும், அவ்வளவுதான். ஆகவே பட்டியல் வரவில்லை என்றால் கேள்வி போகவில்லையா, சர்வர் ஓடவில்லையா, ஓடியும் பதில் தெரியவில்லையா என்று பார்க்கவேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

பட்டியலின் இடது ஓரத்தைப் பார்க்காமல் விடுவது

"ஒண்ணுமே வரல" என்பவர்களில் பலருக்கு உண்மையில் ஏதோ ஒன்று வந்துகொண்டுதான் இருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் இடது பக்கம் ஒரு சின்னப் படம் இருக்கிறது, பாருங்கள். ஊதா நிறக் கனசதுரம் என்றால் அது ஃபங்ஷன் அல்லது மெத்தட், சர்வர் பேசுகிறது. எல்லாச் சொல்லுக்கும் பக்கத்தில் ஏபிசி என்று மூன்று எழுத்து மட்டும் இருந்தால் சர்வர் பேசவில்லை. நீங்கள் ஏற்கெனவே அடித்த சொற்களையே எடிட்டர் பொறுக்கி எடுத்துக் காட்டுகிறது.

ஏபிசி மட்டும் வந்தால் கீழே வலது மூலையைப் பாருங்கள். பைத்தான் என்று இருக்கவேண்டிய இடத்தில் ப்ளெயின் டெக்ஸ்ட் என்று இருக்கிறதா? அப்படியானால் உங்கள் ஃபைல் என்ன மொழி என்றே எடிட்டருக்குத் தெரியவில்லை. புது ஃபைலைச் சேவ் செய்யாமலே எழுதியிருப்பீர்கள். இல்லை என்றால் நோட்பேடில் சேவ் செய்ததில் டாட் பிவை-க்குப் பின்னால் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸ் அந்தக் கடைசிப் பகுதியை மறைத்து வைப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஃபைல் எக்ஸ்டென்ஷனைக் காட்டும்படி எக்ஸ்ப்ளோரரில் ஒருமுறை மாற்றிவிடுங்கள். பிறகு அந்தத் தொல்லை இல்லை.

குடியாத்தத்துப் பெண்ணுக்கு வந்தது ஏபிசி இல்லை. ஊதாக் கனசதுரம்தான் வந்தது. அப்படியென்றால் சர்வர் நன்றாக ஓடுகிறது, தனக்குத் தெரிந்த சரியான பதிலைத்தான் சொல்கிறது. இடது பக்கம் இருந்த ஃபைல் பட்டியலைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. போன வாரப் பயிற்சியை அவள் பாண்டாஸ் டாட் பிவை என்ற பெயரிலேயே சேவ் செய்திருந்தாள். இம்போர்ட் பாண்டாஸ் என்றதும் பைத்தான் முதலில் பக்கத்தில் இருக்கும் ஃபைலைத்தான் எடுக்கும். சர்வரும் அப்படியே. நூலகத்தின் பெயரையோ ரேண்டம், மேத் போன்ற உள்ளே இருக்கும் மாட்யூலின் பெயரையோ உங்கள் ஃபைலுக்கு ஒருபோதும் வைக்காதீர்கள். அவள் பெயரை மாற்றினாள், டாட் வைத்தாள், டேட்டாஃப்ரேம் வந்தது. "இதுக்கா மூணு நாள்?" என்றாள். பாவமாக இருந்தது.

எந்தப் பைத்தான் என்று பார்க்காமல் விடுவது

வெளியூரிலிருந்து வேலூருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காட்பாடி ஜங்ஷனில் இறங்குவார்கள். ஊருக்குள் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் தனியாக இருக்கிறது. வந்தவர் காட்பாடியில் நிற்க, நீங்கள் கன்டோன்மென்ட் போய்த் தேடினால் ஆள் எப்படிக் கிடைப்பார்? பைத்தானில் நடப்பது பெரும்பாலும் இதேதான். ஒரே கணினியில் பைத்தான்.ஆர்க் தளத்திலிருந்து இறக்கியது ஒன்று, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வந்தது ஒன்று, அனகோண்டா ஒன்று, ப்ராஜெக்டுக்குள் விர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒன்று என்று நான்கு இருக்கும். டெர்மினலில் பிப் என்ற கட்டளையால் போட்ட நூலகம் ஒன்றுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். எடிட்டர் இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். இம்போர்ட் வரிக்குக் கீழே மஞ்சள் நெளிகோடு வந்து "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று சொல்லும். உடனே பிள்ளைகள் பிப் இன்ஸ்டாலைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். அது "ஏற்கெனவே இருக்கிறது" என்று சொல்லும். அதுவும் உண்மை, இதுவும் உண்மை.

எஃப்1 அழுத்தினால் வரும் கட்டளைப் பெட்டியில் "பைத்தான்: செலக்ட் இன்டர்ப்ரெட்டர்" என்பதைத் திறந்து, எந்தப் பாதை தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். டெர்மினலில் சிஸ் மாட்யூலின் எக்சிக்யூட்டபிள் என்பதைப் பிரின்ட் செய்யுங்கள். இரண்டு பாதையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். பிப்பை வெறுமனே கூப்பிடாமல் பைத்தான் வழியாக, ஹைஃபன் எம் சேர்த்துக் கூப்பிடும் பழக்கம் நல்லது. எந்தப் பைத்தானைக் கூப்பிட்டீர்களோ அதற்குள்தான் நூலகம் போகும்.

சி எழுதுகிறவர்களுக்கும் இதே பிரச்சினை வேறு உருவத்தில் வரும். ஹெடர் ஃபைலுக்குக் கீழே சிவப்பு நெளிகோடு, ஆனால் ஜிசிசி கம்பைலரில் கம்பைல் செய்தால் ஓடுகிறது. அப்படியானால் கம்பைலர் எங்கே இருக்கிறது என்று எக்ஸ்டென்ஷனுக்குத் தெரியவில்லை. கம்பைலர் பாத் என்ற செட்டிங்கில் சொல்லிவிடுங்கள். இன்னொரு வகையும் உண்டு. சீனியர் கொடுத்த பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ஐயோஸ்ட்ரீம் டாட் ஹெச் என்றும் கிராஃபிக்ஸ் டாட் ஹெச் என்றும் எழுதியிருப்பார்கள். அவை டர்போ சி++ என்ற பழைய கம்பைலர் காலத்துப் பெயர்கள். 1998ல் சி++ மொழிக்குத் தரநிலை வந்தபோது டாட் ஹெச் இல்லாத ஐயோஸ்ட்ரீம்தான் அதில் இடம்பெற்றது. கிராஃபிக்ஸ் ஹெடர் ஜிசிசி-யோடு வருவதே இல்லை. இல்லாத ஒன்றுக்குப் பட்டியல் கேட்டால் எந்த சர்வரும் தராது.

ஒரு ஃபைலை மட்டும் திறப்பது, அல்லது மொத்த டிஸ்க்கையும் திறப்பது

ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் சர்வருக்கு அந்த ஃபைல் மட்டும்தான் தெரியும். ப்ராஜெக்ட் எங்கே ஆரம்பிக்கிறது, செட்டிங்ஸ் எங்கே என்று தெரியாது. ஜாவாவில் இது அதிகம் உதைக்கும். எப்போதும் ஓப்பன் ஃபோல்டர் கொடுங்கள்.

இதைச் சொன்னதும் சிலர் டி ட்ரைவையே ஃபோல்டராகத் திறந்துவிடுகிறார்கள். பிறகு சர்வர் படம், பாட்டு, பழைய ப்ராஜெக்ட் எல்லாவற்றின் ஊடேயும் அலைந்து பைத்தான் ஃபைல்களைத் தேடவேண்டும். விஎஸ் கோடில் பைத்தானுக்கான சர்வரான பைலான்ஸ் இதை வாய்விட்டே சொல்கிறது: அவுட்புட் பேனலில், ஃபைல்களைக் கணக்கெடுக்க 10 விநாடிக்கு மேல் ஆகிறது, ஹோம் ஃபோல்டரையோ முழு டிஸ்க்கையோ திறந்துவிட்டீர்களோ என்று எழுதியிருக்கும். ரேம் குறைந்த பழைய லேப்டாப்பில் இந்த ஒரு தவறு போதும், எல்லாம் நின்றுவிடும்.

ஃபோல்டரைத் திறக்கும்போது "இதை எழுதியவரை நம்புகிறீர்களா" என்று ஒரு பெட்டி கேட்கும். 2021லிருந்து இருக்கிறது. அவசரத்தில் இல்லை என்று அழுத்தியவர்களுக்கு ரெஸ்ட்ரிக்டட் மோடில் திறக்கும். பல எக்ஸ்டென்ஷன்கள் அரைகுறையாக ஓடும் அல்லது ஓடவே ஓடாது. உங்கள் சொந்த ஃபோல்டர்தான் என்றால் நம்பலாம். யாரோ அனுப்பிய ஜிப் என்றால் நிதானமாகப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மேல் வரியை விட்டுவிட்டு டாட் வைத்த வரியையே முறைப்பது

நாற்பதாவது வரியில் ஓர் அடைப்புக்குறி மூடாமல் இருந்தால் நாற்பத்தொன்றாவது வரியில் பட்டியல் சரியாக வராமல் போகலாம். சர்வரைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் நாற்பதாவது வரியைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். லேப் மேனுவல் பிடிஎஃப்-இலிருந்து காப்பி எடுத்த கோடில் இது இன்னும் மோசம். நேர் மேற்கோள் குறிக்குப் பதில் வளைந்த குறி வந்திருக்கும், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ப்ராப்ளம்ஸ் பேனலைத் திறந்து முதலில் வரும் பிழையைத் திருத்துங்கள். மேற்கோளுக்குள்ளும் கமென்ட்டுக்குள்ளும் பட்டியல் தானாக வராது. அங்கே வராமல் இருப்பது கோளாறு இல்லை.

கோளாறே இல்லாத இன்னொன்றும் உண்டு. ஃபங்ஷனுக்குள் மாணவர் என்று ஒரு பாராமீட்டர் வாங்குகிறீர்கள், அது என்ன வகை என்று எங்கும் சொல்லவில்லை. உள்ளே டாட் வைத்தால் சர்வர் என்னதான் சொல்லும்? பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோலன் போட்டு வகையை எழுதுங்கள். அந்த நொடியே பட்டியல் வரும். டைப் ஹின்ட் பிடிக்காது என்ற பிள்ளைகள்கூட இதைப் பார்த்த பிறகு எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள்.

தமிழ் தட்டச்சு செய்கிறவர்களுக்கு

கன்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் பட்டியல் வரவேண்டும். மேக்கில் அதே இரண்டு விசைகள் மொழி மாற்றவும் பயன்படுகின்றன. லினக்ஸில் ஐபஸ்ஸின் பழைய பதிப்புகளிலும் அப்படித்தான். தமிழ் விசைப்பலகையைச் சேர்த்த அன்றிலிருந்து பட்டியல் வரவில்லை என்றால், நீங்கள் அழுத்துவதை இயங்குதளம் நடுவிலேயே பிடித்துக்கொள்கிறது. சர்வரைத் தொடவே வேண்டாம். இரண்டில் ஒன்றின் ஷார்ட்கட்டை மாற்றுங்கள்.

சாம்பல் எழுத்தையும் பட்டியலையும் குழப்பிக்கொள்வது

கோபைலட் போன்ற ஏஐ உதவிகள் கர்சருக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் எழுதிக் காட்டுவது வேறு, பட்டியல் வேறு. முன்னதற்கு லாகின் வேண்டும், இன்டர்நெட் வேண்டும். பட்டியல் உங்கள் கணினிக்குள்ளேயே ஓடுவது. கரன்ட் போய் வைஃபை அணைந்தாலும் பேட்டரியில் வரும். நெட் இல்லாததால் பட்டியல் வரவில்லை என்று காத்திருக்காதீர்கள். ஏஐ சொல்லும் ஃபங்ஷன் உண்மையில் இல்லாததாகவும் இருக்கலாம். பட்டியலிலும் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பழைய கணக்கையே நம்புவது

எங்கள் பக்கம் பழைய பத்திரங்களில் "வட ஆற்காடு மாவட்டம்" என்றே இருக்கும். 1989ல் அந்த மாவட்டம் பிரிந்தது. 2019ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. எழுதிய நாளில் பத்திரம் சரி. சர்வரும் தொடக்கத்தில் எடுத்த கணக்கை வைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறது. புது நூலகம் போட்ட பிறகோ, கிட்டில் வேறு பிராஞ்சுக்குப் போன பிறகோ சில நேரம் பழையதையே சொல்லும். எஃப்1 அழுத்தி லேங்குவேஜ் சர்வரை ரீஸ்டார்ட் செய்யுங்கள், அல்லது ரீலோட் விண்டோ கொடுங்கள். ஜாவாவுக்கு "க்ளீன் ஜாவா லேங்குவேஜ் சர்வர் வொர்க்ஸ்பேஸ்" என்று தனி கட்டளை உண்டு.

இதற்கும் மசியவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பாருங்கள். சி-க்கு மைக்ரோசாஃப்டின் எக்ஸ்டென்ஷனும் கிளாங்டி என்ற வேறொரு சர்வரின் எக்ஸ்டென்ஷனும் இரண்டும் ஓடுவது அடிக்கடி பார்ப்பது. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து ராத்திரியைக் கழிக்கவேண்டாம். எஃப்1-இல் "ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்" என்று இருக்கிறது. அது பாதியை அணைத்துவிட்டு "இப்போது சரியா?" என்று கேட்கும். பதிலைப் பொறுத்து மீதியில் பாதி, அதில் பாதி என்று போகும். முப்பது எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் ஐந்தாறு கேள்வியில் ஆளைப் பிடித்துவிடும்.

அப்புறமும் யாரையாவது கேட்கவேண்டி வந்தால், ஸ்கிரீனை மொபைலில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். வ்யூ மெனுவில் அவுட்புட்டைத் திறந்து, வலது பக்கக் கீழ்விரிப் பெட்டியில் உங்கள் மொழியின் சர்வரைத் தேர்ந்தெடுங்கள். அங்கே இருக்கும் கடைசி இருபது வரியை எழுத்தாகவே காப்பி செய்து அனுப்புங்கள். கூடவே எந்த ஃபோல்டரைத் திறந்தீர்கள், எந்த இன்டர்ப்ரெட்டர், பட்டியலில் ஏபிசி வந்ததா ஊதாக் கனசதுரம் வந்ததா என்பதையும் எழுதுங்கள்.