ரேடியோ லிங்க் விட்டு விட்டு அறுகிறதா? டவர் ஏறும் முன் மூன்று நேரங்களைப் பாருங்கள்

முழுதாகச் செத்துப்போன ரேடியோ எனக்கு ஒரு தொல்லையே இல்லை. ஏறி, மாற்றி, இறங்கிவிடலாம். உயிரை எடுப்பது அரை உயிரோடு இருக்கும் பிரிட்ஜ்தான், அதாவது இரண்டு இடங்களை வயர்லெஸ்ஸால் இணைக்கும் ரேடியோ ஜோடி. காலையில் ஒழுங்காக இருக்கும், மதியம் அறுந்து அறுந்து ஒட்டும், நாம் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்ததும் சமர்த்தாக நிற்கும். சின்ன ஐஎஸ்பியில் (இணைய சேவை நிறுவனத்தில்) வாடிக்கையாளர் போனை எடுப்பவர்தான் டவரும் ஏற வேண்டும். அதனால் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அறுவது மின்சாரமா, கேபிளா, காற்றா என்று தெரியாமல் மேலே ஏற மாட்டேன்.

அதைச் சொல்ல மூன்று நேரங்கள் போதும். ரேடியோ பூட் ஆகி எவ்வளவு நேரம் ஆகிறது, லேன் போர்ட் (கேபிள் இணைப்பு) எழுந்து எவ்வளவு நேரம் ஆகிறது, எதிர்முனையோடு வயர்லெஸ் ஒட்டி எவ்வளவு நேரம் ஆகிறது. முதலாவது ரேடியோவின் முகப்புப் பக்கத்திலேயே இருக்கும். இரண்டாவதைக் கீழே இருக்கும் ஸ்விட்ச்சின் லாக் (நிகழ்வுப் பதிவு) சொல்லும். மூன்றாவது, இணைந்திருக்கும் ஸ்டேஷன்களின் பட்டியலில் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி மெனுவின் பெயர் மாறும், ஆனால் இந்த மூன்றும் எங்காவது இருக்கும்.

அறுந்து ஒட்டியதும் பாருங்கள். மூன்றும் பூஜ்யத்திலிருந்து ஓடினால் ரேடியோ ரீபூட் ஆகியிருக்கிறது, பெரும்பாலும் மின்சாரம். லேன் மட்டும் விழுந்திருந்தால் கேபிள் அல்லது போர்ட். வயர்லெஸ் மட்டும் விழுந்திருந்தால் காற்று. மூன்றுமே நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருக்க, வாடிக்கையாளர் மட்டும் கத்துகிறார் என்றால் ரேடியோவை விட்டுவிட்டு நெட்வொர்க்கைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: எதிர்முனை ரீபூட் ஆனால் இந்த முனையில் வயர்லெஸ் மட்டும் விழுந்தது போலத்தான் தெரியும். இரண்டு முனையையும் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

இதற்கு முன் இரண்டு வேலைகள் செய்திருக்க வேண்டும். எல்லா ரேடியோவுக்கும் என்டிபி வைத்து கடிகாரத்தைச் சரியாக்குங்கள். லாக்கை வெளியே ஒரு சிஸ்லாக் சர்வருக்கு அனுப்புங்கள். நிறைய ரேடியோக்கள் லாக்கை ரேமில்தான் வைத்திருக்கும், ரீபூட் ஆனதும் சாட்சி அழிந்துவிடும். இன்னொன்று, பிங் வாட்ச்டாக். வெளியே எங்கோ இருக்கும் ஒரு ஐபியை பிங் செய்து, பதில் வராவிட்டால் ரேடியோவை ரீபூட் செய்யும் வசதி அது. அந்த ஐபி படுத்தால் நல்ல ரேடியோவும் ஓயாமல் ரீபூட் ஆகும். யாரோ எப்போதோ போட்டுவிட்டு மறந்த வாட்ச்டாக்தான் பல "கெட்டுப்போன" ரேடியோக்களின் நோய். முதலில் அதை அணையுங்கள்.

மின்சாரம்

ரீபூட் என்று தெரிந்தால், எந்த நேரத்தில் என்று பாருங்கள். ரேடியோ அதிகம் அனுப்பும்போது அதிகம் இழுக்கும். ஆகவே மாலை நெரிசலில் மட்டும் ரீபூட் ஆகும் ரேடியோவுக்கு வோல்ட்டேஜ் போதவில்லை என்றே நான் முதலில் எடுத்துக்கொள்வேன். பேட்டரியில் ஓடும் இடத்தில் விடியற்காலையில் விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள்.

லேன் கேபிளிலேயே மின்சாரம் அனுப்புவதுதான் பிஓஇ; ரேடியோவிடம் கேட்காமலே அனுப்பினால் பாஸிவ். 24 வோல்ட் பாஸிவ் பிஓஇயில் கணக்கு மிகவும் இறுக்கம். 4, 5 பின்களில் பிளஸ், 7, 8 பின்களில் மைனஸ் போகும். 24 கேஜ் நல்ல செம்புக் கேபிள் 100 மீட்டர் இழுத்தால், போய் வரும் மின்தடை சுமார் 8 ஓம். 8 வாட் இழுக்கும் ரேடியோவுக்கு வழியிலேயே 3 வோல்ட் போய், 21 வோல்ட் அளவில்தான் கிடைக்கும். அதே நீளத்துக்கு செம்பு பூசிய அலுமினியக் கேபிள் போட்டிருந்தால் இழப்பு 6 வோல்ட் வரை போகும். பெட்டியில் கேட்-6 என்று அச்சடித்திருந்தாலும், ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் டவருக்கு அது வேண்டாம். கேபிளில் மிச்சம் பிடிக்கும் முதலாளியிடம் நான் வாதாடுவது இதற்காகத்தான்.

அடாப்டரைச் சும்மா மல்டிமீட்டரில் அளந்து 24 காட்டுகிறது என்று திருப்திப்படாதீர்கள். உள்ளே கண்டென்சர் உப்பிப்போன அடாப்டர்கூட லோடு இல்லாமல் 24 காட்டும். ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். அதைவிடச் சுலபம், நல்லது என்று தெரிந்த இன்னொரு அடாப்டரை மாட்டிவிட்டு அடுத்த நெரிசல் நேரம் வரை பார்ப்பது. வோல்ட்டேஜும் வாட்டும் மட்டுமல்ல, பின் அமைப்பும் ஒத்திருக்க வேண்டும். 802.3ஏஎஃப் வகை பிஓஇ கேட்கும் ரேடியோவுக்குப் பாஸிவ் அடாப்டர் மாட்டினால் அது உயிர் பெறாமலே போகலாம்.

கேபிள்

லேன் விழுகிறது என்றால் போர்ட் எந்த வேகத்தில் நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரு கிகாபிட் வர வேண்டிய இடத்தில் 100 என்று நின்றால், ஏதோ ஒரு ஜோடி போய்விட்டது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், அதனால் லிங்க் சாகாமல் நொண்டும். அடுத்து ஸ்விட்ச் போர்ட்டில் சிஆர்சி பிழைகளின் (வழியில் சிதைந்து வந்தவற்றின்) எண்ணிக்கை. அதை அழித்துவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். ஏறிக்கொண்டே போனால் கேபிளோ கனெக்டரோ தான். வேகத்தை ஒரு பக்கம் மட்டும் கையால் கட்டி, மறுபக்கத்தை ஆட்டோவில் விட்டிருந்தால் ஒரு முனை ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் அனுப்புவது அல்லது வாங்குவது மட்டும்) போய் விழும். அதுவும் இதே மாதிரி நடிக்கும்.

மழைக்கு ஒரு விதி. 5 கிகாஹெர்ட்ஸ் லிங்க் சில கிலோமீட்டர் தூரத்தில் மழையால் சாகாது. மழைத்துளி அந்த அலையைப் பெரிதாகத் தின்பதில்லை. மழையில் விழுந்து, வெயில் வந்த பிறகும் சில மணி நேரம் திணறினால், தண்ணீர் எங்கோ புகுந்திருக்கிறது: ஆர்ஜே-45 தலைக்குள், ஆன்டெனா கனெக்டருக்குள், அல்லது வெயிலில் வெடித்த உறைக்குள். கேபிள் ரேடியோவுக்குள் நுழையும் முன் கீழே தொங்கி மேலே ஏறுகிற மாதிரி ஒரு வளைவு விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். 24, 60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்களின் கதை வேறு. அவை நிஜமாகவே மழையில் விழும். 60-இல் ஆக்ஸிஜனே கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபெல் விழுங்கும். அங்கே மழைக்கு மருந்து கிடையாது, 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு மாற்று லிங்க்தான்.

காற்று

இதில்தான் எல்லோரும் முதலில் கை வைக்கிறார்கள், சேனலை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். அதற்கு முன், சிக்னல் எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். 5 கிலோமீட்டர், 5800 மெகாஹெர்ட்ஸ் என்றால் வெட்டவெளி இழப்பு ஏறக்குறைய 122 டெசிபெல். 20 டிபிஎம் பவரில் அனுப்பி, இரு பக்கமும் 23 டிபிஐ பெருக்கம் தரும் டிஷ் இருந்தால், மைனஸ் 56 டிபிஎம் வர வேண்டும். தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும். நேரில் 2, 3 குறைந்தால் பரவாயில்லை. 15, 20 குறைந்தால் டிஷ்ஷை முதன்மைக் கதிரில் பிடிக்காமல் பக்கக் கதிரில் பிடித்திருக்கிறார்கள் என்பதே என் முதல் சந்தேகம். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் கதிர் சுமார் 6 டிகிரிதான். உச்சத்தைத் தாண்டி இரு பக்கமும் இறங்கும் வரை ஆட்டிப் பார்த்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், இடவலமும் மேல்கீழும்.

இரண்டு செயின்களையும் (ரேடியோவின் இரண்டு ஆன்டெனா பாதைகளையும்) தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று மைனஸ் 56, மற்றது மைனஸ் 68 என்று நின்றால் அது குறுக்கீடு அல்ல, ஒரு கனெக்டரோ, ஆன்டெனாவின் ஒரு போலரைசேஷனோ கெட்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் திசை, அல்லது நடுவில் தடை. எதிர் டவர் கண்ணுக்குத் தெரிந்தால் போதாது. 5 கிலோமீட்டர் லிங்க்கின் மையத்தில் ஃப்ரெனல் மண்டலத்தின் (நேர்கோட்டைச் சுற்றி அலை பரவிச் செல்லும் இடத்தின்) ஆரம் 8 மீட்டர், அதில் 60 சதவீதமாவது, அதாவது 5 மீட்டர் அளவு, காலியாக இருக்க வேண்டும். நிறுவியபோது இல்லாத மரக்கிளை இப்போது அங்கே இருக்கலாம்.

மிக முக்கியமான துப்பு, அறுந்து திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பது. வயர்லெஸ் மட்டும் விழுந்து, ஒரு நிமிடம் கழித்து வேறு சேனலில் எழுந்தால் அது டிஎஃப்எஸ், ரேடாருக்கு வழிவிடும் ஏற்பாடு. பல நாடுகளின் விதிப்படி 5250 முதல் 5350, 5470 முதல் 5725 மெகாஹெர்ட்ஸ் வரை ரேடார் தெரிந்தால் ரேடியோ இடத்தைக் காலி செய்து, புதுச் சேனலில் 60 விநாடி காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுத்தான் பேசலாம். ஐரோப்பிய விதியில் 5600 முதல் 5650 வரை அந்தக் காத்திருப்பு 10 நிமிடம். விட்டுப்போன சேனலுக்கு 30 நிமிடம் திரும்ப முடியாது. லாக்கில் ரேடார் என்று தேடுங்கள். அதை அணைக்க வழி தேடாதீர்கள், சட்டப்படி தவறு. டிஎஃப்எஸ் இல்லாத, உங்கள் நாட்டில் அனுமதித்த சேனலுக்குப் போங்கள்.

நாய்ஸ் அதிகம் என்றால் சேனல் அகலத்தைக் குறையுங்கள். 40-இலிருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்கு வந்தால் 3 டெசிபெல் மிச்சம், அண்டை வீட்டான் தொல்லையும் பாதி. விளம்பர வேகம் குறையும், ஆனால் ஆடாத 20, ஆடும் 80-ஐவிட அதிகம் சுமக்கும். பவரைக் கூட்டுவது மருந்து என்று நம்பாதீர்கள். உச்ச பவரில் உயர் மாடுலேஷன் (அலையில் அதிக டேட்டாவைத் திணிக்கும் முறை) சிதையும், கிட்டத்து லிங்க்கில் மைனஸ் 40-க்கு மேல் வந்தால் எதிர்முனையின் காதே அடைத்துவிடும். குறைத்ததும் சீரான லிங்க்குகள் உண்டு. தூர அமைப்பையும் சரிபாருங்கள். அலை போய் வர கிலோமீட்டருக்கு 6.7 மைக்ரோவிநாடி வேண்டும். உண்மைத் தூரத்தைவிடக் குறைவாக வைத்திருந்தால் பதில் வரும் முன்பே ரேடியோ மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும்.

மூன்று நேரங்களும் நன்றாகவே ஓடினால்

ஸ்விட்ச்சில் ஒரே மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) இரண்டு போர்ட்டுகளுக்கு இடையே தாவுகிறதா? எங்கோ லூப். வாடிக்கையாளர் ஒருவர் கேபிளின் இரு முனையையும் அவர் ரூட்டரின் லேன் போர்ட்டிலேயே குத்தியிருக்கலாம். பிரிட்ஜ் அதை எல்லோருக்கும் விநியோகிக்கும். தொழிற்சாலையில் வைத்த ஐபியை மாற்றாத இரண்டு ரேடியோக்கள் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் டிராஃபிக் போகும், பிங் மட்டும் ஆடும். பெரிய பாக்கெட் மட்டும் போகவில்லை என்றால் 1472 பைட் பிங்கை உடைக்காதே என்ற குறியோடு அனுப்பிப் பாருங்கள். விலான் (நெட்வொர்க்கைப் பிரிக்கும் குறி) சேர்த்த இடத்தில் எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு) இடித்திருக்கும். வேகத்தை அளக்க ரேடியோவுக்குள் இருக்கும் டெஸ்ட்டை நம்ப வேண்டாம், அது அதன் சின்ன சிபியுவையும் சேர்த்தே அளக்கும். இரு முனைகளுக்கும் பின்னால் லேப்டாப் வைத்து ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் மென்பொருளை ஓட்டுங்கள்.

எதையாவது மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான்: அடாப்டர், பிறகு கேபிள், கடைசியாக ரேடியோ. கேபிளைச் சோதிக்கப் பழையதைப் பிடுங்க வேண்டாம், புதிதாக ஒன்றை வெளியே தொங்கவிட்டு ஓட்டிப் பாருங்கள். அமைப்பு மாற்றமோ ஃபர்ம்வேரோ, எதிர்முனையை முதலில் செய்து, பிறகு இந்த முனை. தலைகீழாகச் செய்தால் எதிர்முனை கைக்கு எட்டாமல் போய்விடும். இடி மின்னல் நேரத்தில் ஏறாதீர்கள், தனியாகவும் ஏறாதீர்கள். கழற்றி வந்த ரேடியோவில் தேதி, டவர், எந்த நேரம் விழுந்தது என்று எழுதி ஒட்டிவிட்டு, பெஞ்சில் 24 மணி நேரம் லோடோடு ஓட விடுங்கள். அங்கே விழாவிட்டால் குற்றவாளி இன்னும் மேலேதான் இருக்கிறது.