லோரியின் காத்தாடியை மாற்றும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றும் லோரிகளுக்கு ஓய்வே கிடையாது. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போனால்தான் எண்ணெய் நன்றாக இருக்கும். அதனால் இஞ்சின் சூடேறினாலும் ஓட்டுநர்கள் வழியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓட்டத்தான் பார்ப்பார்கள். ஊற்றி ஊற்றிச் சலித்துப்போய் எங்கள் பட்டறைக்கு வரும்போது இஞ்சினைக் குளிர்விக்கக் காற்றிழுக்கும் காத்தாடியைப் பற்றி அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, இந்தப் பெரிய காத்தாடியைக் கழற்றிட்டு, காருல இருக்கிற மாதிரி கரண்டு காத்தாடி போட்டுடலாமா? டீசலும் மிச்சமாகுமாமே?"

போடலாம். ஆனால் எல்லா லோரிக்கும் போட முடியாது, போடும் விதமும் முக்கியம். இதில் நடக்கிற தவறுகளால் நல்ல இஞ்சின்கள் வீணாகிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

சூடேறினால் உடனே காத்தாடியின் மேல் பழி போடுவதுதான் முதல் தவறு. செம்மண் பாதையில் ஓடும் லோரியின் ரேடியேட்டரை (இஞ்சின் தண்ணீரை ஆற்றும் தகட்டுப் பெட்டியை) ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். புழுதி, எண்ணெய்ப் பிசுக்கு, குலையிலிருந்து பறக்கும் நார் எல்லாம் சேர்ந்து தகடுகளுக்கு நடுவே கம்பளி போல் அப்பியிருக்கும். அதற்குப் பின்னால் எந்தக் காத்தாடியை வைத்தாலும் காற்று நுழையாது. கழுவும்போதும் கவனம் வேண்டும். கார் கழுவும் பீச்சுக்குழாயை முன்பக்கம் கிட்டே வைத்து அடித்தால் தகடுகள் மடிந்து, மிச்சமிருந்த வழியும் அடைபடும். சாதாரண ஓஸ் தண்ணீரை இஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கி அடிப்பதுதான் சரி. அப்புறம் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ரேடியேட்டர் மூடியின் ரப்பர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூட்டுக்கேற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டுவது மருந்தே இல்லை. இவ்வளவும் சரியாக இருந்தும் சூடேறினால்தான் காத்தாடியைப் பற்றிப் பேச வேண்டும்.

அடுத்தது கணக்குப் பார்க்காமல் மாற்றுவது. காருக்கான 12 வோல்ட் காத்தாடி ஒன்று 25 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 300 வாட், அரைக் குதிரைத்திறன்கூட இல்லை. பெரிய டிரெய்லர் லோரிகளின் இஞ்சின் காத்தாடியோ முழு வேகத்தில் 30 குதிரைத்திறன் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். அதில் 10 குதிரைத்திறனை மட்டும் கரண்டில் தர வேண்டுமென்றாலும் லோரியின் 24 வோல்ட்டில் 310 ஆம்பியர் தேவை. இஞ்சின் ஓட்டத்தில் கரண்டு தயாரிக்கும் 50 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் ஓடினாலும் தருவது 1,200 வாட்தான். கனரக லோரிகளில் இஞ்சினே காத்தாடியைச் சுற்றுவதற்குக் காரணம் இதுதான், பழைய பழக்கம் அல்ல. நகரப் பேருந்துகள் சிலவற்றில் சிறு கரண்டு காத்தாடிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். அங்கே ஆல்டர்னேட்டரும் அதற்கேற்பப் பெரிதாக இருக்கும்.

வேகத்தையும் மறக்கக் கூடாது. நெடுஞ்சாலையில் எதிர்காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். தோட்டத்துக்குள் முழுப் பாரத்தோடு இரண்டாம் கியரில் மேடு ஏறும்போது எதிர்காற்று என்பதே இல்லை. இஞ்சினோ உச்ச உழைப்பில் இருக்கும். அந்த நேரத்தில் காத்தாடி ஒன்றுதான் துணை.

டீசல் மிச்சமாகும் என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. காத்தாடியின் வேகம் இரண்டு மடங்கானால் அது விழுங்கும் சக்தி எட்டு மடங்காகும். அதனால்தான் இஞ்சின் காத்தாடியின் நடுவே கிளச் வைக்கிறார்கள். நம் ஊர் லோரிகளில் அதிகம் பார்க்கும் வகையில், முன்முகத்தில் ஒரு சுருள் பட்டை இருக்கும். ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடானால் பட்டை வளைந்து உள்ளே ஒரு வால்வைத் திறக்கும். கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் பள்ளங்களுக்குள் பாய்ந்து காத்தாடியைப் பிடித்துக்கொள்ளும். ஆறியதும் எண்ணெய் திரும்பிவிடும், காத்தாடி நழுவி மெதுவாகச் சுற்றும். கிளச் நல்ல நிலையில் இருந்தால் தேவையான நேரத்தில் மட்டும்தான் டீசல் செலவாகும். கரண்டுக்கு மாறி மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது.

இந்தக் கிளச் கெட்டுப்போனால் போல்ட் போட்டு இறுக்கியோ வெல்டிங் வைத்தோ நிரந்தரமாகப் பூட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு வீடு போய்ச் சேர அது உதவும். அப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் விமானம் மாதிரி இரைச்சல், டீசல் செலவு, பெல்ட்டுக்கும் தண்ணீர்ப் பம்பின் பேரிங்குக்கும் ஓயாத சுமை எல்லாம் சேர்ந்து வரும். கிளச்சைச் சோதிப்பது எளிது. காலையில் இஞ்சின் ஆறியிருக்கும்போது, சாவியை எடுத்துவிட்டுக் காத்தாடியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் கனமாகச் சுற்றி நின்றால் பரவாயில்லை. தள்ளிவிட்டதும் தானாகப் பல சுற்றுப் போனால் உள்ளே எண்ணெய் இல்லை. நடுக் குடத்தைச் சுற்றிக் கறுப்பாகப் பிசுக்கும் புழுதியும் படிந்திருந்தால் எண்ணெய் கசிந்திருக்கிறது. பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் ஆஃப்-கட் கடையில் கிளச் வாங்கும்போது அங்கே அதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். படுக்கப்போட்டு வைத்தால் எண்ணெய் கசியும். வண்டியில் நிற்பது போலவே நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும்.

கரண்டு வேலையில் நடக்கும் தவறுகள்தான் என்னை அதிகம் வருத்துகின்றன. சென்ற ஆண்டு ஒரு சிறிய 24 வோல்ட் லோரி வந்தது. வேறொரு பட்டறையில் 12 வோல்ட் கார்க் காத்தாடியைப் போட்டு, இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் கரண்டு எடுத்திருந்தார்கள். காத்தாடி நன்றாகவே சுற்றியது. ஓட்டுநர் பேட்டரிப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஒரு பேட்டரி புளித்த வாடையோடு பக்கங்கள் உப்பியிருந்தது, தண்ணீர் வற்றித் தகடு வெளியே தெரிந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தால் மற்றது 11 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஆல்டர்னேட்டர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து 28 வோல்ட்டில்தான் சார்ஜ் செய்கிறது. ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தால் அது பசியில் கிடக்கும், மற்றதற்கு அளவுக்கு மீறி ஏறிக் கொதிக்கும். "மூணு மாசத்துல ரெண்டாவது ஜோடி பேட்டரிண்ணே," என்றார் அவர். 24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் மோட்டார்தான். வேறு வழியில்லை என்றால், ஆம்பியர் தாங்கக்கூடிய 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர் வைக்க வேண்டும்.

வயரிங்கிலும் அப்படித்தான். விளக்குக்கு இழுத்த மெல்லிய வயரிலேயே காத்தாடியையும் கோர்த்து, டாஷ்போர்டு சுவிட்சில் நேராக முடித்துவிடுவார்கள். வயர் சூடாகி உருகும். பருமனான வயர், சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ரிலே, பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் மூன்றும் கட்டாயம். ஓட்டுநர் ஞாபகம் வைத்து சுவிட்ச் போடட்டும் என்று விடாமல், வெப்ப சுவிட்ச் வைத்துத் தானாக ஓடும்படி செய்யுங்கள்.

பிளஸ் மைனஸ் மாறினால் காத்தாடி எதிர்ப்பக்கம் சுற்றிக் காற்றை முன்னால் தள்ளும். எதிர்காற்றும் அதுவும் முட்டிக்கொண்டு நிற்கும். பொருத்தியதும் ரேடியேட்டர் முன்னால் ஒரு தாளை வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ள வேண்டும். ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் பட்டை கோத்துக் காத்தாடியைக் கட்டுவதையும் விட்டுவிடுங்கள். செம்மண் பாதையின் குலுக்கலில் அது குழாயை அறுத்து ஓட்டை போட்டுவிடும். காத்தாடிக்குத் தனிச் சட்டம் வேண்டும்.

எந்தக் காத்தாடியானாலும் சுற்றியுள்ள கவர் முக்கியம். இடைஞ்சல் என்று கழற்றிப் பட்டறை மூலையில் போட்டுவிட்டால், காத்தாடி தனக்கு நேரேயுள்ள வட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும், ரேடியேட்டரின் நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும். பக்கவாட்டில் வரும் சுடு காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும். உடைந்த கவரைத் தகரத்தில் செய்து மாட்டியே பல லோரிகளின் சூட்டைக் குறைத்திருக்கிறேன்.

பாரம் குறைவாக ஏற்றி ஊருக்குள் நின்று நின்று ஓடும் சிறு வேன்களுக்குக் கரண்டு காத்தாடி நன்றாகவே பொருந்தும். இஞ்சின் மெதுவாக ஓடினாலும் அது முழு வேகத்தில் சுற்றும். வெள்ளத்திலும் அதற்கு ஒரு வசதி உண்டு. மழைக்காலத்தில் தோட்டத்துப் பாலம் மூழ்கி, தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பூட்டிய இஞ்சின் காத்தாடியின் இறக்கைகள் தண்ணீரைத் தள்ளி முன்பக்கம் வளைந்து ரேடியேட்டரையே கிழிக்கலாம். கரண்டு காத்தாடியை நிறுத்திவிட்டுக் கடக்கலாம். ஆனால் கரை ஏறியதும் மறுபடி போட்டுவிடுங்கள். கரண்டு காத்தாடி இருக்கும் வண்டியில் இஞ்சின் நின்றிருக்கிறதே என்று கையை உள்ளே விடவே கூடாது. சூடு இருந்தால் அது எந்த நொடியும் தானாகச் சுற்றத் தொடங்கும். பேட்டரி வயரைக் கழற்றிய பிறகுதான் தொட வேண்டும்.