பழைய பாதிரியார் பிரிண்ட் ஒரிஜினலானு எப்படி பாக்குறது

பரோக் காலத்துல (ஐரோப்பால 17, 18ம் நூற்றாண்டு வாக்குல) செப்புத்தகட்டுல செதுக்கி பேப்பர்ல அச்சடிச்ச போர்ட்ரெய்ட்னா நான் உதாரணத்துக்கு எடுக்குறது பிரான்ஸ்ல மோ நகர பிஷப்பா இருந்த போசுவே படம் தான், ஓவியர் ரிகோ வரைஞ்ச ஓவியத்த பாத்து பியர் அம்பேர் ட்ரெவே 1723ல செதுக்கினது, அப்போ பிஷப் செத்தே 19 வருஷம் ஆயிடுச்சு.

மூஞ்சிய அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல கீழ இருக்க எழுத்த படிங்க. பேருக்கு பக்கத்துல பின்க்ஸிட்னு இருந்தா ஓவியர், ஸ்கல்ப்ஸிட்னு இருந்தா செதுக்கினவர், அவ்ளோதான்.

அடுத்து ஒரு லென்ஸ் எடுத்து அங்கியோட லேஸ் மேல வைங்க, இங்க தான் விஷயமே இருக்கு. பியூரின்னு ஒரு கூர் உளியால தகட்டுல இழுத்த கோடு ஆரம்பத்துல மெலிசா தொடங்கி, நடுவுல தடிச்சு, முடியும்போது திரும்ப ஊசி மாதிரி மெலியும், பட்டுத்துணிக்கு கோடு நீளமா வளைஞ்சு ஓடும், நிழலுக்கு குறுக்க இன்னொரு வரிசை கோடு போட்டிருப்பாங்க. கோட்டுக்கு பதிலா ஒரே சீரா குட்டி குட்டி புள்ளியா தெரிஞ்சா அது பிற்காலத்து அச்சு, காசு குடுக்காதீங்க.

பேப்பர சாய்ச்சு வெளிச்சத்துல பாத்தா படத்த சுத்தி தகடு அமுங்கின தடம் தெரியணும், ஆனா நிறைய பேர் ஓரத்த வெட்டி ஆல்பத்துல ஒட்டிருக்காங்க (பாவிங்க), அதனால தடம் இல்லனா உடனே போலினு முடிவு பண்ணிடாதீங்க. பேப்பர வெளிச்சத்துக்கு நேரா தூக்கி பிடிச்சா உள்ள கம்பிவலை கோடு தெரியுதானு பாருங்க, அந்தக் காலத்து கையால செஞ்ச பேப்பர்னா அது தெரியும். விரலால மட்டும் தேய்க்கவே தேய்க்காதீங்க.